யோகாபிமானி

ஹைதராபாத்தில் யோகாபிமானியை அடையாளம் காண்பது சுலபம். விடியற்காலை ஐந்தேகாலுக்கு இந்திரா பார்க் வாசலிலோ, ஹுசேன் சாகர் ஓரத்துச் சஞ்சீவையா பார்க்கிலோ, கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றிப் போகும் நடைபாதையிலோ, சுருட்டிய யோகா மேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பத்மாராவ் நகரிலோ மேற்கு மாரேட்பள்ளியிலோ தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழராக இருந்தால், ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாத்தில் ஓய்வு பெற்றவராக இருக்கவும் இடமுண்டு. அந்த பாங்க் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவோடு கலந்துவிட்டது. இவர் மனம் இன்னும் கலக்கவில்லை. எதிர்ப்படுகிறவர்களுக்குத் தெலுங்கில் ஒரு நமஸ்காரம், உருதுவில் ஒரு ஆதாப், தமிழ் முகமாகத் தெரிந்தால் "என்ன ஸார், ரெண்டு நாளா உங்களைக் காணோம்?" என்று ஒரு குற்றப்பத்திரிகை. இவரை யோகாசனம் செய்பவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. ரசிகர் மன்றத் தலைவர் நடிக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கொடி கட்டுவது, முதல் காட்சிக்கு டிக்கெட் ஏற்பாடு செய்வது, எதிர்த்துப் பேசுபவனை மடக்குவது, இவைதான் அவருடைய உத்தியோகம். யோகாவோடு யோகாபிமானிக்கு உள்ள உறவும் அப்படிப்பட்டதுதான்.

இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் பொதுவாக ஒரு தப்பு செய்கிறார்கள். மனிதருக்கு மன உறுதி போதாது, அதனால்தான் இத்தனை வருஷமாகியும் குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டவில்லை என்கிறார்கள். சாட்சியங்கள் நேர்மாறாக இருக்கின்றன. நாலரை மணிக்கு அலாரம் இல்லாமல் எழுகிறார். பல் தேய்ப்பதற்கு முன்பே, பதஞ்சலி முனிவரின் படத்தோடு கூடிய காலை வணக்கத்தைத் தான் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிடுகிறார். மழை, காய்ச்சல், பேத்தியின் ஆயுஷ்ஹோமம் எதுவும் இதைத் தடுத்ததில்லை. தன் யோகா பாட்ச்சின் சந்தாக் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதுகிறார். யோகா தினத்துக்கு யாருக்கு எந்த அளவு டி-ஷர்ட் என்ற பட்டியல் மே மாதமே அவரிடம் தயார். இப்படிப்பட்டவருக்கு ஒழுங்கு இல்லை என்று சொன்னால் சொன்னவர் நாக்கு அழுகிவிடும். ஒழுங்கு தாராளமாக இருக்கிறது. அத்தனையும் யோகாவின் வெளிப்பிராகாரத்திலேயே செலவாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே, யோகாவினால் கூடுதல் பலன் வேண்டுகிறவர் புதிதாக வைராக்கியம் தேடிப் போக வேண்டியதில்லை, கையிலிருக்கும் வைராக்கியத்தில் கால் பங்கை மேட்டின் மேல் கொண்டுவந்து போட்டால் போதும் என்பதுதான் இங்கே என் கட்சி.

பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகை, யோகத்தைக் கெடுப்பவை என்று ஆறு விஷயங்களை அடுக்குகிறது: மிதமிஞ்சிய சாப்பாடு, மிதமிஞ்சிய உழைப்பு, வீண் பேச்சு, விதிகளைப் பிடிவாதமாகப் பிடித்துத் தொங்குவது, ஜனக்கூட்டம், நிலையில்லாத மனம். யோகாபிமானி காலை ஏழு மணிக்குள் ஆறையும் முடித்துவிடுகிறார். அவற்றிலும் பேச்சுதான் அவருடைய தனிச்சிறப்பு. ஹைதராபாத்துக் கோகாபேட்டில் 2023-ல் ஒரு ஏக்கர் நிலம் நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போன கதை புஜங்காசனத்தில் தொடங்கினால் சலபாசனத்தில்தான் முடியும். இடையில் மகனின் எச்-1பி விசா, திருமலை தரிசன டிக்கெட், மெட்ரோ எப்போது தங்கள் பக்கம் வரும் என்ற விசாரம். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் மூச்சில். மார்பை விரித்து நிமிரும்போது மூச்சு உள்ளே போக வேண்டும், வயிறு மடிந்து குனியும்போது வெளியேற வேண்டும் என்பது எந்த வகுப்பிலும் முதல் பாடம். பேசுகிற மனிதருக்கு மூச்சு வாக்கியத்தின் முற்றுப்புள்ளியில்தான் கிடைக்கும். நம்மவர் வாக்கியங்களில் முற்றுப்புள்ளி அபூர்வம். 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டது. ஜபமாலை சொன்னாலும் சரி, யோக மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்குத் தணிந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சை ஏற்பாடும் அப்போது நன்றாக வேலை செய்தது. 23 பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு என்பதால் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். இருந்தாலும் கோகாபேட் நில விலை சொல்லி யாருக்கும் மூச்சு தணிந்ததாகத் தகவல் இல்லை.

இந்த இடத்தில் யோகாபிமானியின் தரப்பில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் டல்லஸிலும் சிட்னியிலும். பேசுவதற்காகத்தான் அவர் பூங்காவுக்கே வருகிறார்; பேச்சைப் பிடுங்கிவிட்டால் நாளையிலிருந்து வீட்டிலேயே படுத்துவிடுவார். ஒப்புக்கொள்கிறேன். தனிமையும் ஒரு நோய்தான், அதற்கு நாலு சிநேகிதர்களைவிட நல்ல மருந்து கிடையாது. அதனால் மௌன விரதம் எதையும் இங்கே சிபாரிசு செய்யவில்லை. மேட்டை விரித்ததிலிருந்து சுருட்டும்வரை வாய்க்கு விடுமுறை, சுருட்டிய பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மனம்போல் பேசட்டும். கோகாபேட் எங்கேயும் ஓடிப்போய்விடாது.

அடுத்தது சாப்பாடு. ஹைதராபாத் இந்த விஷயத்தில் யோகிகளுக்கு விரோதமான ஊர். நாம்பள்ளியில் ராம் கி பண்டி விடிவதற்கு முன்பே அடுப்பை மூட்டி, இட்லிக்கும் தோசைக்கும் வெண்ணெயும் சீஸும் போட்டுத் தயாராக இருக்கிறது. போதாததற்கு மூலைக்கு மூலை இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். வகுப்பு முடிந்ததும் பாட்ச் மொத்தமும் டிபனுக்குப் போவது சம்பிரதாயம். "இவ்வளவு எக்ஸர்சைஸ் பண்ணியிருக்கோம், ஒரு நெய் தோசை என்ன பண்ணிடும்?" என்பது அங்கே சொல்லப்படும் மந்திரம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலுழைப்புகளுக்கு உலகெங்கும் ஆய்வாளர்கள் கையாளும் பட்டியலில், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல இரண்டரை மடங்குதான் ஹட யோகாவுக்கு மதிப்பு. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நாணயமாகச் செய்தால் சுமார் 175 கலோரி. கோகாபேட் பேசிக்கொண்டே செய்தால் இன்னும் குறையும். நெய் தோசை ஒன்றே இதை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் தொடங்கி 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய ஸ்தாபனம். அதே ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரதீபிகையின் கணக்கோ இன்னும் சுருக்கம்: வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட வேண்டும். அந்தக் காலி இடத்தில்தான் உஸ்மானியா பிஸ்கட் குடியேறுகிறது.

யோகாவுக்கு முன் வெறும் வயிறு என்ற விதிக்கும் காரணம் சாதாரணமானதுதான். சாப்பிட்ட வயிற்றோடு முறுக்கித் திரும்பினால் எதுக்களிக்கும். கனமான சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம் விடச் சொல்வதில் சூட்சுமம் எதுவுமில்லை. தமிழ் வீடுகளில் மட்டும் இது ஃபில்டர் காபியில் வந்து முட்டிக்கொள்ளும். ஒரு தரப்பு, காபி குடித்துவிட்டு யோகா செய்வது மகா பாவம் என்கிறது. மறு தரப்பு, காபி குடிக்காமல் எதுவுமே செய்ய முடியாது என்கிறது. அரை டம்ளர் காபியால் யாருடைய யோகமும் குடிமுழுகிப் போகாது. விதியைப் பிடித்துத் தொங்குவதையும் சுவாத்மாராமர் ஆறு கேடுகளில் சேர்த்திருப்பதைக் காபி எதிர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்று காத்திருந்து வகுப்புக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போய், உடம்பைச் சூடேற்றும் பயிற்சி முழுவதையும் தவறவிட்டு, நேராகச் சக்ராசனத்தில் குதிக்கிறாரே, அதுதான் ஆபத்து.

ஆபத்து என்றதும் சிரசாசனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. யோகாபிமானியின் வாழ்நாள் லட்சியம் அது. காரணம் ஆன்மிகமில்லை, போட்டோவுக்கு அதைவிட எடுப்பான ஆசனம் இல்லை. 2006-ல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைத் தலைகீழாக நிற்கவைத்துச் சோதித்தார்கள். அந்த நிலையில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. குளுக்கோமா இருப்பவருக்கு இதன் பொருள் என்னவென்று கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நம்மவர் கேட்கமாட்டார். தன் ரத்த அழுத்தத்தையும் கழுத்து எலும்புத் தேய்மானத்தையும் யோகா ஆசிரியரிடம்கூட மறைத்துவைத்திருப்பார், தெரிந்தால் கஷ்டமான ஆசனங்களைக் கொடுக்கமாட்டாரே என்று. திருமணச் சம்பந்தம் பேசுகிற இடத்தில் வியாதியை மறைப்பதற்காவது ஒரு லாபம் உண்டு. பிராணாயாமத்திலும் இதே துடிப்புதான். திருமூலர் பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நாலு அடக்கி, முப்பத்திரண்டு விடச் சொன்ன கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதல் நாளே அறுபத்து நாலை அடக்கப் பார்த்துக் கண் பிதுங்கி, அருகிலிருப்பவர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

"எல்லாருக்கும் எல்லாம் வராது என்றால் எங்களைப் போன்ற முழங்கால் போனவர்கள் என்ன செய்வது?" என்று எதிர்க்கேள்வி வரும். இதற்கு விடை ஹைதராபாத்துக்குத் தெற்கே எப்போதோ கிடைத்துவிட்டது. மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திவிட்டு 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-ல் மறையும்வரை அங்கேயே இருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் வலியுறுத்தியதெல்லாம் ஒன்றுதான்: ஆளைப் பார்த்து ஆசனம், ஆசனத்துக்காக ஆள் இல்லை. அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய ‘யோக மந்திரம்’ என்ற நிலையத்தில் ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் சொல்லிக்கொடுப்பது வழக்கமானதும் இதனால்தான். இன்னொரு சீடர் பி.கே.எஸ். ஐயங்கார் மரக்கட்டை, பெல்ட், போர்வை, நாற்காலி என்று வீட்டுச் சாமான்களையே துணைக்கு வைத்துக்கொண்டார். யோகாபிமானிக்கோ நாற்காலி கௌரவக் குறைச்சல். பாங்கில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதவர், இங்கே மட்டும் அதைத் தொடமாட்டார்.

இனி சவாசனம். இந்த ஆசனத்தில் மனித குலம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கட்சி, ஆசிரியர் "படுங்கள்" என்று சொன்ன மாத்திரத்தில் எழுந்து ஓடும். விஜயா பால் பாக்கெட் வாங்க வேண்டும், வாட்டர் டேங்கர் வரும் நேரம், ஏழு மணிக்கு வேலைக்காரி. மற்றக் கட்சி படுத்த மறு நிமிஷம் குறட்டை. முனிவர்கள் பல பிறவியில் அடைவதை நம்மவர் முப்பது விநாடியில் அடைந்துவிடுகிறார் என்று பரிகாசம் செய்யத் தோன்றும். ஆனால் முறுக்கியும் வளைத்தும் செய்த வேலைக்குப் பிறகு இதயத் துடிப்பும் மூச்சும் தணிந்து தசைகள் தளர்கிற ஏழெட்டு நிமிஷம் அது. விழித்திருந்தபடி தளர்வது எப்படி என்று உடம்பு வேறு எங்கேயும் கற்றுக்கொள்வதில்லை. ஹைதராபாத் டிராஃபிக்கில் மெஹதிப்பட்டினத்திலிருந்து கச்சிபௌலிவரை வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்ற எல்லா ஆசனங்களையும் மன்னித்துவிடலாம்.

நிலையில்லாத மனம் என்ற ஆறாவது கேட்டில் யோகாபிமானி பல்கலைக்கழகமே நடத்தலாம். ஊருக்கு வெளியே கன்ஹா சாந்தி வனத்தில் ஒரே நேரத்தில் லட்சம் பேர் உட்காரும் தியான மண்டபம் 2020 ஜனவரியில் திறந்தார்கள். அந்த மாதமே போய்ப் பார்த்தார். அதற்கு முன் கோயம்புத்தூர், பெங்களூரு, ஹரித்வார். சான்றிதழ்கள் ஃபைலில் தேதிவாரியாக இருக்கின்றன. ஒவ்வொரு முறையிலும் குறை எதுவும் இல்லை; ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். நாற்பதாவது நாள் வாக்கில் புதிய குரு ஒருவரின் வீடியோ வந்துவிடுகிறது என்பதே சிக்கல். இருநூற்றுக்கும் குறைவான சூத்திரங்களில் யோகத்தையே அடக்கிய பதஞ்சலி, ஆசனத்துக்கு மூன்றே மூன்றுதான் ஒதுக்கினார். பயிற்சி வேரூன்ற மூன்று நிபந்தனைகளையும் வைத்தார்: நீண்ட காலம், இடைவிடாமை, அக்கறை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறதென்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254. யோகாபிமானி நாற்பதில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நிற்கிறார். அதே ஆய்வில் ஆறுதலான சேதியும் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை. "ஒரு நாள் விட்டுப்போச்சு, இனிமே அடுத்த தை மாசந்தான்" என்று மேட்டைப் பரணில் போடுகிறவர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கச்சிபௌலி, மாதாப்பூர் பக்கத்து இளம் யோகாபிமானியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூங்காவுக்குப் பதில் செயலி, வாட்ஸ்அப் வணக்கத்துக்குப் பதில் கைக்கடிகாரம் காட்டும் வரைபடம். சவாசனத்தில் படுத்தபடியே கையைத் தூக்கித் தன் இதயத் துடிப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்ததும் அது ஏறிவிடும்.

வீட்டில் தனியாகச் செய்யுங்கள் என்றால் இரு தலைமுறையும் ஒரே பதிலைச் சொல்கிறது: "ஃபிளாட்டில் இடம் ஏது?" ஒரு மேட்டின் அளவு ஆறடிக்கு இரண்டடி. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் அந்த இடம் இல்லாத ஃபிளாட்டை எந்த பில்டரும் இன்னும் கட்டவில்லை. உண்மையான தடை வேறு: வீட்டில் பார்வையாளர்கள் கிடையாது. மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்து, "இப்படியே கிடக்கப்போறீங்களா, குக்கர் மூணு விசில் வந்தா அணைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கைதட்டல் இல்லாத பதினைந்து நிமிஷம்தான் உடம்பில் ஒட்டுகிறது. 2017-ல் அமெரிக்காவில் ராபர்ட் சேப்பர் குழுவினர் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 320 பேரிடம் செய்த சோதனையில், பன்னிரண்டு வார யோகா பிசியோதெரபிக்குச் சளைத்ததாக இல்லை. அங்கே வகுப்பு வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற நாட்களில் வீட்டில் செய்யச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"வெட்டியாக வீட்டில் கிடப்பவனைவிடப் பூங்காவுக்குப் போகிறவர் எவ்வளவோ மேல், அவரை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?" என்பது கடைசி ஆட்சேபம், வலுவானதும்கூட. போய்வருகிற நடையே லாபம்தான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் பெரும் பகுதியை அவர் நடந்தே ஈடுகட்டிவிடுகிறார். மென்மையான யோகா அந்தக் கணக்கில் சரியாகச் சேர்வதும் இல்லை, ஆகவே நடையை விட வேண்டாம். ஆனால் நடப்பதற்குத் தோளில் மேட் எதற்கு? சுமப்பதென்று ஆன பிறகு விரித்துவிட்டுப் போகலாமே.

ஐக்கிய நாடுகள் சபையில் 2014 டிசம்பர் 11 அன்று 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்து ஜூன் 21-ஐ யோகா தினமாக்கின. 2022-ல் அதற்கு 25 நாள் முன்னோட்டமாக ஹைதராபாத் எல்.பி. ஸ்டேடியத்தில் பெரிய விழாவே நடந்தது. இந்த வருஷமும் விழா வரும், டி-ஷர்ட் வரும், யோகாபிமானி முதல் வரிசையில் இருப்பார், இருக்கட்டும். பாட்ச்சின் பொருளாளர் என்ற முறையில் அவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: ஜூன் 22 அன்று காலையில் யார் யார் வந்தார்கள் என்று ஒரு வருகைப் பதிவு எடுத்து, அதையும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.